மேட்டில் மட்டும் கேட்கும் குரல்

ஜாசினுக்கு அப்பாலிருக்கும் அந்த ரப்பர் தோட்டத்திலிருந்து மலாக்கா பதினெட்டுக் கட்டை, அதாவது பதினெட்டு மைல். தோட்டத்துப் பள்ளியில் ஆசிரியராக இருக்கும் நண்பனைப் பார்க்கப் போன நான், அரட்டையில் கடைசி பஸ்ஸைக் கோட்டை விட்டேன். ஆறு மணிக்கு ஊரடங்கு. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் பதுங்கியிருக்கும் இந்த அவசர காலத்தில், அதற்குப் பிறகு சாலையில் தென்படும் வண்டியைச் சுட்டுவிட்டுத்தான் விசாரிப்பார்கள்.

ஆறு மணிக்குச் சற்று முன் மலாக்கா ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் வேன் ஒன்று புறப்பட்டது. ஒட்டிக்கொண்டேன். சந்தோஷப்படும்படியான இடமில்லை. பின்னால் பலகையில், பால்மரம் வெட்டும் செல்லம்மா படுத்திருந்தாள். காலையில் பெண் குழந்தை பிறந்ததிலிருந்து ரத்தம் நிற்கவில்லை. அவள் தலை கணவன் வீரனின் மடியில். குழந்தை பக்கத்து வீட்டில்.

முன்னால் டிரைவர் மணியம். அவரருகே வயர்லெஸ் செட்டுடன் ஆரோக்கியம். வழியிலுள்ள போலீஸ் தடுப்புகளுக்கு, அங்கங்கே உள்ள ஸ்டேஷன்கள் மூலம், “நோயாளியோடு வருகிறோம், சுடாதீர்கள்” என்று முன்கூட்டியே சொல்வது அவர் வேலை. ஆனால் அந்த செட் பள்ளத்தில் இறங்கினால் ஊமை. மேட்டிலும், ஓடுகிற எஞ்சினின் இரைச்சலில் எதிர்க்குரல் மூழ்கிவிடும். அதனால் மேட்டுக்கு மேடு வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

பெம்பான் ஊருக்கு முன்னால் ஒரு மேட்டில் அப்படி நின்றோம். இருபுறமும் இருண்டுகொண்டிருந்த ரப்பர் காடு. உள்ளே யார் துப்பாக்கியோடு இருக்கிறார்களோ என்று மரங்களுக்கிடையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரோக்கியம் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்ட பிறகே பதில் வந்தது.

அடுத்த மேட்டில் வீரன் கதறினான். “நிக்காதீங்கண்ணே! இவ கை சில்லுனு ஆவுது. போய்க்கிட்டே பேசுங்கலா!”

“ஓட்டத்துல பதில் கேக்காது தம்பி,” என்றார் ஆரோக்கியம்.

மணியம் திரும்பிச் செல்லம்மாவைப் பார்த்தார். நிறுத்தவில்லை. ஆரோக்கியம் ஓடும் வண்டியிலேயே செய்தியைச் சொன்னார். இரைச்சல்தான் திரும்பி வந்தது. “அவங்களுக்குக் கேட்டிருக்கும்லா,” என்றார் மணியம். நாங்களும் நம்பினோம்.

கேட்டிருக்கவில்லை. ஆயர் மோலேக் பள்ளத்துத் தடுப்பில் துப்பாக்கிகள் எங்களை நோக்கி நீண்டன. “துருன்!” என்று அதட்டி எல்லோரையும் இறக்கினார்கள். வீரனையும். அவள் தலை வெறும் பலகையில் கிடந்தது. நோயாளி இருக்கிறாள் என்பதை மலாயில் “சாக்கிட், சாக்கிட்” என்று சொல்லி வீரன் அழுததை அவர்கள் நம்பவில்லை. பள்ளத்தில் செட் வேலை செய்யாது. ஒரு காவலன் சைக்கிளில் மேடேறி, ஸ்டேஷனில் கேட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. அவன் திரும்பி வந்து எங்களைப் போகவிட்டபோது மழை பிடித்திருந்தது. வீரன் வேனுக்குள் ஏறினான். அவள் பெயரைச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டான். பிறகு கூப்பிடவில்லை.

இனி என்ன அவசரமோ, மணியம் வேகமாகத்தான் ஓட்டினார். புக்கிட் காத்திலை நெருங்கும் மேட்டில் மலாக்காவின் விளக்குகள் தெரிந்தன.

“இங்க நிறுத்துங்கண்ணே,” என்றான் வீரன். “டாக்டரு காத்திருக்க வேணாம்னு சொல்லிடுங்க.”

மணியம் எஞ்சினை அணைத்தார். ஆரோக்கியம் கூப்பிடுவதற்குள் மலாக்காவே எங்களைக் கூப்பிட்டது. பக்கத்து நாற்காலியிலிருந்து பேசுவதுபோல அத்தனை தெளிவான குரல். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் தயாராக நிற்கிறார்கள், எங்கே வருகிறீர்கள் என்று கேட்டது.

ஆரோக்கியம் பொத்தானை அழுத்தினார். வீரன் தலையை நிமிர்த்தி, அவர் சொன்ன பதிலை முழுதாகக் கேட்டான்.