கம்ப்யூட்டரைச் சுற்றி வந்த வகுப்பு

கிருஷ்ணம்மாள் டீச்சர் செவிலிமேட்டில் உள்ள எங்கள் பள்ளிக்கு வந்தது 2002இல். எனக்கு அங்கே மணி அடிக்கிற வேலை. அந்த வருஷம்தான் பள்ளிக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர் வந்தது. தலைமையாசிரியர் வீரபாகு அதற்குப் பட்டுத்துண்டு போர்த்தி, பொட்டு வைத்து, வெள்ளிக்கிழமை மட்டும் அறையைத் திறப்பார். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக வந்து பார்த்து, மேசையை ஒரு சுற்று சுற்றிப் போவார்கள். தொடக் கூடாது. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. பொட்டுக்குச் சந்தனம் அரைத்தவன் நான்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி, “அடுத்த மாசம் வருவேன். இதை வெச்சு உருப்படியா ஒரு பாடம் நடக்கணும். இல்லைன்னா கூரத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிடுவேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

டீச்சர் மூன்று நாள் பாடக்குறிப்பு எழுதினார், கிழித்தார். குப்பையை அள்ளியவனுக்குத் தெரியாதா?

“கரும்பலகையில எழுதறதை அதுல எழுதிக் காட்டும்மா, முடிஞ்சுது” என்றேன்.

“அதுக்குக் கரும்பலகையே போதும்பா. அதால முடியாததை இது செய்யணும்.”

நாலாம் நாள் கிழிக்கவில்லை. நாற்பத்தொரு பிள்ளைகளும் தங்கள் உயரத்தையும் உட்காரும் பெஞ்சையும் தாங்களே கீபோர்டில் தட்டி ஏற்ற வேண்டும். கம்ப்யூட்டர் அதைப் படமாகப் போட வேண்டும். எல்லாம் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். அளக்கக் கற்றுத்தர வேண்டியதில்லை.

அதிகாரி வந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தட்டினார்கள். தட்டிய கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பழக்கதோஷத்தில் மேசையையும் சுற்றினார்கள். முப்பத்தெட்டாவது ஆள் கந்தன். சுற்றும்போது ஒயரில் கால் மாட்டி, பிளக் பிடுங்கிக்கொண்டது. ஏற்றியது அத்தனையும் போச்சு.

வீரபாகு என்னை முறைத்தார். நான் பிளக்கைப் பார்த்தேன்.

“மறுபடி வாங்க. சுத்தாம வாங்க” என்றார் டீச்சர்.

இரண்டாம் தரம் படம் வந்தது. பெஞ்சுவாரியாக உயரமும் குட்டையுமாய்க் கோடுகள்.

“பாக்க அழகாத்தான் இருக்குது. இதுல உனக்கு என்னம்மா தெரிஞ்சுது?” என்று அதிகாரி பக்கத்தில் நின்ற பிள்ளை கீர்த்தியைக் கேட்டார்.

“குட்டையா இருக்கறவங்க ஒன்பது பேரு கடைசி ரெண்டு பெஞ்சுல குந்திக்கினு இருக்கோம் சார். அதான் எங்களுக்கு போர்டு தெரியல. நாங்க சொன்னப்போ யாரும் கேக்கல. இப்ப இது சொல்லுது.”

அதிகாரி அங்கேயே அவர்களை முன்னால் உட்காரவைத்தார். ‘கம்ப்யூட்டர் இங்கேயே இருக்கலாம். சுற்றக் கூடாது’ என்று பதிவேட்டில் எழுதினார்.

நான் மேசையைச் சுவரோடு ஒட்டித் தள்ளிப் போட்டேன். மறுநாள் பிள்ளைகள் அதன் முன்னால் நின்று, நின்ற இடத்திலேயே தங்களை ஒரு சுற்று சுற்றிக்கொண்டு தட்ட உட்கார்ந்தார்கள். டீச்சர் குனிந்து ஒயரைப் பார்த்துவிட்டு, சுற்றட்டும் என்று விட்டுவிட்டார். அவர்கள் காலடிவரை அது வராது.