மஸ்கட் காரும் குவைத் பேட்டரியும்

ஞாயிற்றுக்கிழமையானால் என் ரிப்பேர் கடைக்கு ரேஸ் கார்க்காரர்கள் வந்துவிடுவார்கள். குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் ஷீட் காயப்போடும் பழைய களத்தில் கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு கார் ஓட்டும் இளைஞர்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான். பேட்டரிக்கு எந்த கனெக்டர் போடலாம்? போன வாரம் ஒருவனுக்கு மஞ்சளைக் கழற்றிவிட்டுச் சிவப்பு வைத்துப் பற்றவைத்தேன். இந்த வாரம் சிவப்பைக் கழற்றி மஞ்சளே வைக்கச் சொல்கிறான். எது எவ்வளவு கரண்ட் தாங்கும், எது சூடாகாது என்று போனைக் காட்டிக் காட்டி என் மேசையைச் சுற்றி நின்று சண்டை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். போனில் இருக்கும் இங்கிலீஷ் எனக்குப் புரியாது. நான் கேட்பது ஒன்றுதான்: ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரே இழுப்பில் கழலுமா?

சிரிப்பார்கள். “கழலாம இருக்கியதுக்குத்தானே அண்ணே கனெக்டரு?”

அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் மாமாவையும் சித்தப்பாவையும் அத்தையையும் பற்றிச் சொல்ல வேண்டும். நாலு பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவ்வளவு பேச எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

நான் ஐந்தில் படிக்கும்போது அம்மாவின் தம்பி மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தார். எனக்கு ஒரு ரிமோட் கார். கைக்குழந்தை அளவுக்கு இருக்கும், கறுத்த ரப்பர் டயர்களோடு. ஆனால் பேட்டரி இல்லை. விமான நிலையத்தில் எடுத்துவைத்துக்கொண்டார்களாம். அதே பெட்டியில் அத்தைக்கு ஒரு பிளவுஸ் துணியும் இருந்தது. கத்தரிப்பூ நிறம், ஊடே தங்க நூல். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. மாமாவுக்கு அத்தையைக் கட்டிவைப்பது என்று பேசியிருந்தார்கள். அம்மா அந்த வீட்டிலிருந்து இங்கே வந்தவள். இனி அத்தை இங்கிருந்து அங்கே போவாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு ரப்பர் தோட்டம்தான்.

அப்பாவின் தம்பி அப்போது குவைத்தில் இருந்தார். கல்யாணத்துக்கு வரும்போது ஒரு பேட்டரி வாங்கிவரச் சொல்லி அவருக்குக் கடிதம் போனது. அது வந்து சேரும்வரை காரைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் தள்ளினேன். சித்தப்பா வந்தார். பேட்டரியும் வந்தது. அதன் பிளக் சிவப்பு, தட்டை. காரில் இருந்தது வெள்ளை, சதுரம். ஒன்றுக்குள் ஒன்று போகாது.

குலசேகரத்து ரேடியோ கடைக்காரர் இரண்டையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ரெண்டு பிளக்கையும் வெட்டிப் போட்டுட்டு, எங்கிட்ட உள்ள ஜோடியப் போடுங்க. அஞ்சு நிமிசத்து வேல.”

அந்த ஐந்து நிமிட வேலை மூன்று வாரம் நடந்தது.

“வண்டியில கை வைக்கப் பிடாது. ஜப்பான் சாதனமாக்கும். பாட்டறியில உள்ளத வெட்டட்டும், இதுக்க ஜோடிய நான் அங்க போயி அனுப்பித் தாரேன்” என்றார் மாமா.

“அப்போ நான் கொண்டு வந்ததத்தான் வெட்டணுமோ? பெண்ணையும் குடுத்து பிளக்கையும் வெட்டிக் குடுக்கணுமோ? வண்டியில உள்ளத வெட்டச் சொல்லு, குவைத்துல இருந்து ஜோடிய நான் வரவைக்கேன்” என்றார் சித்தப்பா.

இருவரும் நேரில் கண்டால் மழையைப் பற்றியும் ரப்பர் விலையைப் பற்றியும் மரியாதையாகப் பேசுவார்கள். பிளக் விஷயத்தைத் தோட்டத்தின் வழியே சுமந்துகொண்டு போய்வர நான் இருந்தேன். அப்பா அம்மாவிடம், “உன் தம்பிக்கிட்ட ஒரு வார்த்த சொல்லு” என்பார். அம்மா, “ஒங்க தம்பிக்கிட்ட சொல்லுங்க” என்பாள். சொல்லிவிட்டு இருவரும் தத்தம் வேலையைப் பார்ப்பார்கள். எனக்கானால் அழுகையாக வரும். காரும் இருக்கிறது, பேட்டரியும் இருக்கிறது, ஓட்ட மட்டும் வழியில்லை.

அத்தை தையல் படித்தவள். அவளிடம் ஒரு பெரிய கத்தரிக்கோல் இருந்தது. துணியைத் தவிர வேறெதையும் அது தொடக்கூடாது. ஒருமுறை நான் அதைக் கொண்டு காகிதம் வெட்டியதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒரு நாள் சித்தப்பா பிளக் புராணத்தைத் தொடங்கும்போது அத்தை, “கடக்காரரு சொன்னதுதானே சரி? ரெண்டையும் வெட்டினா ஆருக்கு என்ன கொறஞ்சு போவுது?” என்றாள். “ஒனக்கு இதுல என்ன தெரியும், போ” என்றார் சித்தப்பா.

நான் ஓடிப்போய் மாமாவிடம் சொன்னேன்.

“ரெண்டையும் வெட்டணும்னு ஆருலே சொன்னது?”

“அத்தை.”

மாமா சிரித்தார். “பெண்ணுங்களுக்கு இதுல என்ன தெரியும்னு நான் கேட்டேன்னு சொல்லு.”

வார்த்தை மாறாமல் போய்ச் சொன்னேன். அத்தை அந்தக் கத்தரிப்பூத் துணியை விரித்து, சுண்ணக்கட்டியால் கைக்கு அளவு வளைத்துக்கொண்டிருந்தாள். கோடு பாதி வளைவில் நின்றது. மிச்சத்தை வரையாமல் துணியை மடித்து வைத்துவிட்டாள். மாமாவின் செய்தியைக் கேட்டு அவள் சிரிக்காதது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை மாமா வீட்டார் வருவதாக இருந்தது. மறுநாள் சர்ச்சில், சபைக்கு முன் முதல் ஓலை வாசிக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பெயர்களை வாசித்து, மறுப்பு உண்டா என்று கேட்பார்கள். அதற்கு எழுதிக்கொடுக்கத்தான் கூடினார்கள். எல்லோரும் சந்தோஷமாக இருக்கும் நாள். வண்டி ஓடுவதைக் கண்டால் யாரும் திட்டமாட்டார்கள் என்று நானே ஒரு கணக்குப் போட்டேன். காலையில் ரப்பர் ஷீட் உலர்த்தும் புரைக்குப் பின்னால் உட்கார்ந்து, சவர பிளேடால் இரண்டு பிளக்கையும் வெட்டினேன். ஒரு தடவை பொறி பறந்தது. கம்பியின் தோலைப் பல்லால் உரித்து, சிவப்போடு சிவப்பும் கறுப்போடு கறுப்பும் முறுக்கி, சைக்கிள் ட்யூபை நறுக்கி இறுக்கமாகச் சுற்றினேன். என்ன இழுத்தாலும் விடாது. அதில் எனக்குப் பெருமை.

எல்லோருக்கும் டீ கொடுத்த சமயம் பார்த்து முற்றத்தில் காரை விட்டேன். இரண்டு மாதமாகக் கனவில் கேட்ட சத்தம் அது. ஒரு வட்டம் அடித்திருக்கும்.

“பிளக்கு எங்கலே?” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். மாமா என் கையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கி அணைத்தார். அணைத்தால் நின்றுவிடும் என்று நினைத்திருப்பார். கார் முழு வேகத்தில் இருந்தது. அதே வேகத்தில் போய்க்கொண்டே இருந்தது. ரப்பர் பாலை உறைவதற்காக ஊற்றிவைத்திருந்த அலுமினியத் தட்டுகளில் ஏறி ஒன்றைக் கவிழ்த்து, சக்கரத்தால் வாரி இறைத்தது. மாமா ஓடிப்போய்த் தூக்குவதற்குள் அவருடைய வெள்ளைச் சட்டை போயிற்று. ரப்பர் பால் பட்ட துணி பிறகு எதற்கும் ஆகாது. அடியில் இருந்த சுவிட்சையும் அணைத்தார். நிற்கவில்லை. அந்தக் காலத்து வண்டிகளில் சுவிட்ச் நிறுத்துவது ரிமோட்டின் பேச்சைக் கேட்கும் பெட்டியை மட்டும்தான். மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் போகும். பிளக்கைக் கழற்றினால் ஒழிய நிற்காது.

பிளக்கைத்தான் காணோமே. சக்கரங்கள் அந்தரத்தில் அலறிக்கொண்டிருக்க, சித்தப்பா பேட்டரியைப் பிடிக்க, மாமா வண்டியைப் பிடிக்க, இரண்டு பேரும் நின்றார்கள்.

“பிள்ளைய வச்சு வெட்டிச்சிட்டீரு, இல்லியா?” என்றார் மாமா.

“நானா? ஒம்ம வேலையாக்கும் இது. இழும் வேய், ஒம்ம பக்கத்துக் கம்பிய!”

“நான் எதுக்கு இழுக்கணும்? வண்டிக்க உள்ள பிடுங்கிட்டு வந்தா? பாட்டறிப் பக்கம் இழும்!”

நான்தான் வெட்டினேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அன்றைக்கும் எனக்கு அப்படித்தான்.

அத்தை உள்ளேயிருந்து வந்தாள். கையில் அந்தக் கத்தரிக்கோல். “ரெண்டு பேரும் ஆடாம பிடியுங்க” என்றாள். சிவப்புக் கம்பியை நறுக்கென்று வெட்டினாள். சின்னப் பொறி. சக்கரம் நின்றது. கத்தரிக்கோலின் வாயில் கறுப்பாக ஒரு பல் விழுந்திருந்ததை நான் பார்த்தேன். அவள் பார்க்கவே இல்லை. உள்ளே போனாள், அப்பாவைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். அப்பா வெகுநேரம் வெளியே வரவில்லை.

மறுநாள் சபையில் இரண்டு ஓலை வாசித்தார்கள். இரண்டும் வேறு யாரோ. அடுத்த வாரம் வாசிப்பார்கள்போல என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் அத்தை எனக்கு ஒரு பை தைத்துத் தந்தாள், கார் வைக்க. கத்தரிப்பூ நிறம், தங்க நூல், வாயில் சுருக்குக் கயிறு. அவ்வளவு நல்ல பை அதற்கு முன்னும் பின்னும் நான் வைத்திருந்ததில்லை. மாமா மஸ்கட் திரும்புகிறார் என்று கேள்விப்பட்டதும் அதை எடுத்துக்கொண்டு தோட்டத்தின் வழியே ஓடினேன். பிளக்கை வெட்டியது நான்தான் என்று சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

மாமா பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். பையை வாங்கினார். காரை வெளியே எடுத்துக் கட்டிலில் வைத்தார். பையின் உள்பக்கத்தை வெளியே திருப்பினார். அதில் அந்தச் சுண்ணக்கட்டிக் கோடு, கை வளைவுக்குப் போட்டது, பாதியோடு நின்றபடி இருந்தது. அதன்மேல் விரலை ஓட்டினார்.

“அத்தை தச்சதா?”

“ஆமா.”

“நல்லா தச்சிருக்கா, மக்கா” என்றார். பையை முன்போலத் திருப்பி, காரை உள்ளே வைத்து, கயிற்றை இழுத்துக் கட்டி என் கையில் தந்தார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மூன்று வாரம் அத்தனை சண்டை போட்டவர், இப்போது கார் ஓடுகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன்.