வண்டி நிறுத்துமிடத்திலிருந்து மேடை வரை

வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் தூக்கிக் கொடுப்பது அவர் தொழில். வாலிபத்தில் ஒருமுறை, லிப்ட் இல்லாத கட்டடத்தில் ஒரு இரும்பு பீரோவை யாரையும் கைவைக்க விடாமல் முதுகில் பட்டை கட்டித் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். அன்று விழுந்த பெயர்தான் பீரோ. போன் செய்கிறவர்கள்கூட, "பீரோ அண்ணன் இருக்காரா?" என்றே கேட்பார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அறுபதை நெருங்கும்போது நுரையீரல் கைவிட்டது. பழைய வீடுகளின் தூசியும் சிகரெட்டும் சேர்ந்து செய்த வேலை என்றார் டாக்டர். பார்வைக்கு ஆள் அதே ஆள், தோளின் அகலம் குறையவில்லை. ஆனால் தெருமுனைக் கடைக்குப் போய் வருவதற்குள் மூச்சு இரைக்கும். வழியில் ஒரு செருப்புக் கடைக் கண்ணாடி முன்னால் நின்று, வேடிக்கை பார்ப்பதுபோல ஆசுவாசப்படுத்திக்கொள்வார். அது பெண்கள் செருப்புக் கடை. "பீரோவுக்கு எந்த ஜோடி பிடிச்சிருக்கு?" என்று தெருவில் கேலி செய்தார்கள். கேலியைத் தாங்கிக்கொண்டாரே தவிர, காரணத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

அவர் மனைவிக்கு ஹோட்டல் படுக்கை விரிப்புகளைத் துவைத்து இஸ்திரி போடும் சலவைக்கூடத்தில் வேலை. இயந்திர இரைச்சலுக்கு மேல் பாடிப் பாடியே அவளுக்குக் குரல் உரத்திருந்தது. கூட வேலை செய்கிறவர்கள் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு அமைத்தார்கள். ஆற்றோரத் திடலில் கோடைதோறும் நடக்கும் இசை விழாவில் அந்த வருடம் அவர்களுக்கும் சிறிய மேடையில் இடம் கிடைத்தது. ஒரு பாட்டின் முதல் அடிகளை அவள் மட்டும் தனியாகப் பாட வேண்டும்.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீரைத் திறந்துவிட்டுப் பழகினாள். இவர் கதவில் காதை வைத்தால் உடனே நிறுத்திவிடுவாள்.

"அங்க வந்து கேளுங்க. இப்பவே கேட்டுட்டா அப்புறம் என்ன இருக்கு?"

டாக்டரிடம் எழுதி வாங்கி, நடக்க முடியாதவர்களுக்கான கார் அட்டையையும் அவளே வாங்கி வைத்திருந்தாள். அட்டை இருந்தால் வண்டியை நுழைவாயிலை ஒட்டியே நிறுத்தலாம். மேடைக்குப் பக்கத்தில், நிற்க முடியாதவர்களுக்காகப் போட்ட பலகைத் தளத்தில் நாற்காலியும் உண்டு. இல்லையென்றால் எல்லோரையும்போல் தூரத்து வயலில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும்.

"எனக்கென்ன, கால் இல்லையா? நல்லா இருக்கறவன் அந்த இடத்துல வண்டிய விட்டா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்றார் அவர்.

"அந்த நாலு பேரா வந்து உங்களுக்கு மூச்சு விடப் போறாங்க?"

ஞாயிறு காலை அவள் குழுவோடு வேனில் கிளம்பினாள். "அட்டைய மறக்காதீங்க. உங்களுக்கும் பொண்ணுக்கும் ரெண்டு நாற்காலி சொல்லி வச்சிருக்கேன்," என்று வாசலிலிருந்து திரும்பி வந்து இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போனாள். அவர் தலையாட்டினார். அட்டை சாப்பாட்டு மேஜை மேல்தான் இருந்தது. அதன் மேல் செய்தித்தாளைப் போட்டு மூடிவிட்டு வந்து காரில் ஏறினார்.

மகள் ஓட்டினாள். திடலுக்குத் திரும்பும் இடத்தில் ஆரஞ்சுச் சட்டை போட்ட பெண் ஒருத்தி வண்டிகளைப் பிரித்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"அட்டை எங்கப்பா?" என்றாள் மகள்.

"வீட்ல."

ஆரஞ்சுச் சட்டைக்காரி குனிந்து உள்ளே பார்த்தாள். இவருடைய நெஞ்சு ஏறி இறங்குவதைக் கவனித்திருப்பாள் போலும். "அட்டை இல்லாட்டியும் பரவாயில்ல சார். நடக்கச் சிரமம்னா சொல்லுங்க, வாசல் வரைக்கும் விடச் சொல்றேன்."

"சிரமமெல்லாம் ஒண்ணும் இல்லம்மா," என்றார்.

மகள் அவரையே பார்த்தாள். பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டியை வயல் பக்கம் திருப்பினாள்.

முந்தின இரவு மழை பெய்திருந்தது. டயர் தடங்களில் சேறு. முதலில் வேகமாகத்தான் நடந்தார், மகளே கூட ஓடிவர வேண்டியிருந்தது. பிறகு நின்றார். நடந்தார். மறுபடி நின்றார். இங்கே வேடிக்கை பார்க்கக் கடைக் கண்ணாடி எதுவும் இல்லை. பாதி வழியில், டீசல் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். ஜெனரேட்டர் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்ற மகள் பேசுவதே கேட்கவில்லை. மேடைப் பாட்டு எங்கே கேட்கும்?

"நீ ஓடு! அம்மா பாட்டக் கேளு!"

"உதடு நீலமா இருக்கு. உங்கள இப்படி விட்டுட்டு எங்கப்பா ஓடறது?" என்று அவர் காதருகே குனிந்து கத்தினாள்.

அவள் யார் யாரையோ கூப்பிட்டு, முதலுதவி வண்டி வந்தது. அதிலேயே அவரை ஏற்றி நுழைவாயிலுக்குக் கொண்டுபோனார்கள். வண்டியில் அது ஒன்றுமில்லாத தூரம். ஆனால் சிறிய மேடையில் அதற்குள் வேறு யாரோ கிதாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

மனைவி மேடைக்குப் பின்னாலிருந்து வந்தாள். இவர் முகத்தைப் பார்த்ததும் முதலில், "மருந்து இழுத்தீங்களா?" என்றாள். இவர் தலையாட்டிவிட்டு, "பாட்டு ரொம்ப நல்லா இருந்துச்சு," என்றார். அவள் "ம்" என்றாள்.

கீபோர்டு வாசித்த சலவைக்கூடத்துத் தம்பிக்கு விஷயம் தெரியாது. "எங்கண்ணே போனீங்க? அக்கா அந்த ரெண்டு காலி நாற்காலியவே பாத்துட்டு நிக்கறாங்க, ஆரம்பிக்கவே மாட்டேங்கறாங்க. நான் முன்னிசைய மறுபடி முதல்லேருந்து வாசிச்சேன்," என்று சிரித்தான்.

அன்றைக்கு அவள் கோபித்துக்கொண்டிருந்தால் அவருக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்து மேஜை மேலிருந்த செய்தித்தாளை மடித்தாள். கீழே அட்டை இருந்தது. எடுத்து அலமாரியில் வைத்தாள். சாப்பிடக் கூப்பிட்டாள்.

அடுத்த கோடையில் அந்த அடிகளை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டாள். தொண்டை சரியில்லை என்றாள். அதற்கப்புறம் சலவைக்கூடம் கைமாறி, பாதிப் பேருக்கு வேலை போய், குழுவும் கலைந்தது.

இப்போது அவர் அட்டையைக் காரின் முன்கண்ணாடியில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைக்கிறார். வருடா வருடம் இருவரும் விழாவுக்குப் போகிறார்கள். வாசலை ஒட்டி வண்டி நிற்கிறது. பலகைத் தளத்தில் நாற்காலி கிடைக்கிறது. நாலு பேரில் ஒருவர்கூட இதுவரை எதுவும் சொன்னதில்லை.

போன வருடம் அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் கேட்டார்.

"அந்தப் பாட்ட எனக்காக ஒரு தடவ பாடேன்."

அவள் யோசித்தாள். மறுக்க வேண்டும் என்று அவளுக்கு இல்லை. மெல்லிய குரலில் ஓரடி எடுத்தாள், பிறகு நின்றுவிட்டாள்.

"அதுக்கப்புறம் அவங்கள்லாம் சேர்ந்துக்கணும்," என்றாள். "தனியா வராதுங்க."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மேடையில் அடுத்த குழு ஏறிக்கொண்டிருந்தது.