எடை தெரியாது என்றார்கள்

சேற்றில் இடுப்பு வரை இறங்கிவிட்டவரைக் கையைப் பிடித்து மேலே இழுக்கக் கூடாது. மல்லாக்கச் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். பசியாவரம் தீவில் பிறந்த பெண்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாற்பத்திரண்டு வருடம் பழவேற்காடு ஏரியில் இறால் தடவிப் பிழைத்தவள் நான், கன்னியம்மா. பனையோலைக் கூடையான பறியை வாயில் கடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் குனிந்து தவழ்ந்து, கண்ணால் பார்க்காமல் விரலாலேயே இறாலைப் பிடிக்கிற வேலை. இப்போது ஏரிக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்டும் வேலைக்கும் நம் பெண்கள் போகிறார்கள். நான் வழிகாட்டிய ஒருவர் சேற்றில் இறங்கிய கதையை அவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

1. நண்டுச் சட்டை

பங்குனியில், ஏரி வற்றிக் கிடந்தபோது படகில் வந்தார்கள். வந்த குழுவுக்குத் தலைவி ரேவதி, இன்ஜினியர். என் மகள் வயசு. பெட்டியைத் திறந்தால் உள்ளே இரும்புக் கால்கள். இடுப்பிலும் தொடையிலும் முட்டிக்குக் கீழும் கணுக்காலிலும் வார் போட்டு மாட்ட வேண்டும். இடுப்பிலும் முட்டியிலும் மோட்டார், முதுகில் பேட்டரி. முதுகில் ஏற்றுகிற மூட்டையின் பாரம் ஆளின் கால் வழியாகப் போகாமல் இரும்புக் கால் வழியாகத் தரைக்குப் போய்விடுமாம். பட்டாளத்துக்காகச் செய்தது.

மாட்டிக்கொண்டு நின்றவர் தாமோதரன். எளாவூர்க்காரர், பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். என்னோடு இறால் தடவுகிற தேசம்மா அவரைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இன்னாக்கா, எலும்ப வெளிய மாட்டிக்கினு நிக்கறாரு?"

"எறாலுக்கும் நண்டுக்கும் வெளியதான எலும்பு? இவரும் நம்ம ஏரி சரக்குதான். தடவிப் புடிச்சி பறியில போட்டுடாத" என்றேன்.

அன்றிலிருந்து அதற்கு நண்டுச் சட்டை என்றே பெயர்.

"சினிமாவுல இத்த மாட்டினவன் பறக்கறான், கட்டடத்த ஒடைக்கறான். நீ எப்ப நைனா பறப்ப?" என்று கேட்டாள் தேசம்மா.

"படிக்கட்டு ஏறினாலே போதும்மா" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுச் சொன்னார்: "மலை மேல மூட்டை தூக்கித் தூக்கி என் முட்டி ரெண்டும் போச்சு. பின்னாடி வர்ற பசங்களுக்காவது முட்டி மிஞ்சட்டும். அதுக்குத்தான் வந்தேன்."

பல நாட்டுப் பட்டாளத்திலும் இப்படிச் செய்து பார்க்கிறார்கள், இன்னும் பரிசோதனைதான் என்றாள் ரேவதி. மணலிலும் பாறையிலும் நடத்திப் பார்த்தாயிற்றாம். சேறுதான் பாக்கி.

2. நான் கேட்காத கேள்வி

"நாப்பது கிலோ மூட்டையோட நடக்கணும்மா. எந்தப் பக்கம் தாங்கும்?" என்று ரேவதி கேட்டாள்.

"நாப்பது கிலோவா? சேத்துலயா?"

"இதப் போட்டா எடையே தெரியாதும்மா."

தாமோதரனும் சொன்னார்: "ஆமாம்மா. வெறும் ஆளா நடக்கற மாதிரிதான் இருக்கும்."

எடை தெரியாது என்றால் எடை இல்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். வெறும் ஆள் நடக்கிற வழியைக் காட்டினேன். தீவுக்குத் தெற்கே, முழங்காலளவுத் தண்ணீரில், சிப்பி கலந்த சேற்று வழி. இறால் பறியோடு நாங்கள் தினமும் நடப்பது.

"நான் சொன்னா சொன்னதுதான். இந்த ஏரில எனக்குத் தெரியாத சேறு இல்ல. வா நைனா" என்று முன்னால் போனேன்.

ஐம்பது அடி நன்றாகத்தான் வந்தார். பின்னால் விர்ர், விர்ர் என்று மோட்டார் சத்தம். சத்தம் முக்குகிற மாதிரி மாறியதும் திரும்பிப் பார்த்தேன். முழங்கால் வரை உள்ளே போயிருந்தது. அவர் முகத்தில் அப்போதும் சிரிப்பு. அவருக்குத் தெரியவில்லை.

சேறு கணுக்காலைக் கவ்வும்போதே நம் கால் சொல்லிவிடும். குதிகாலைத் திருப்பி உருவிக்கொள்வோம். அவர் காலுக்குக் கீழே இருந்ததோ இரும்புத் தட்டு. ஒரு கால் புதைந்தால் அதை எடுக்க அந்தச் சட்டை மறுகாலை ஊன்றி அழுத்தியது. அழுத்த அழுத்த இரண்டும் இறங்கின. இடுப்பு வரை போய்விட்டது. தண்ணீர் அவர் நெஞ்சைத் தொட்டது. முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணீர் ஏறுகிற நேரம் வேறு. ஏத்தம் தொடங்கிவிட்டது.

படகிலிருந்து ரேவதி கத்தினாள்: "கையப் பிடிச்சு இழுங்க!"

"எவனும் கிட்ட வராத! இழுக்கறவனும் சேந்து போவான்" என்று நான் கத்தினேன். "நைனா, மல்லாக்க சாய்."

"முடியலம்மா. சாய்ஞ்சா இது நிமித்துது."

நிஜம்தான். அவர் சாயச் சாய, இரும்பு அவரை நேராக நிறுத்தியது.

"அத்த நிறுத்தித் தொல!"

ரேவதி கையிலிருந்த ரிமோட்டில் நிறுத்தினாள். மோட்டார் நின்றது, இரும்பு மடங்கவில்லை. சார்ஜ் போனாலும் சிப்பாய் விழக் கூடாது என்று நின்ற நிலையிலேயே பூட்டிக்கொள்ளும்படி செய்திருந்தார்களாம்.

"அப்ப கழட்டணும். எங்கெங்க கொக்கி கீதுன்னு வாயால சொல்லு."

"இடுப்புல ஒண்ணு. ஒவ்வொரு கால்லயும் மூணு. ரெண்டு பக்கமும் அமுக்கி இழுக்கணும்" என்றாள். கணக்குத் தப்பவில்லை.

படகுப் பலகையைத் தண்ணீர் மேல் போட்டுக் குப்புறப் படுத்தேன். படகைப் பக்கத்தில் தள்ளி வந்த தேசம்மா என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். முதலில் முதுகு மூட்டையைக் கழற்றித் தள்ளினேன். பிறகு மூச்சைப் பிடித்துத் தலையை உள்ளே விட்டேன். சேற்றுக்குள் கண்ணுக்கு வேலை இல்லை. விரல்தான் தேடியது. இடுப்புக் கொக்கி வந்தது. தொடையில் இரண்டும் வந்தன. மூச்சுக்கு வெளியே வரும்போதெல்லாம் தண்ணீர் அவரிடம் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. முட்டிக்குக் கீழே கையை விட, தோள் வரை சேற்றுக்குள் போக வேண்டியிருந்தது.

தண்ணீர் அவர் தாடையைத் தொட்டபோது இடது கணுக்கால் கொக்கி மட்டும் மிச்சம். அதில் சிப்பி அடைத்துக்கொண்டது, அமுங்கவில்லை.

"எங்க வூட்ல சொல்லிடும்மா..." என்று ஆரம்பித்தார்.

"நீயே போய் சொல்லு. பூட்ஸுக்குள்ள இருந்து கால உருவு. குதிகால திருப்பு. திருப்புடா!"

பூட்ஸ் கயிற்றை நான் அவிழ்க்க, அவர் திருப்ப, கால் வந்தது. மல்லாக்கச் சாய்த்தேன். தண்ணீர் அவரைத் தூக்கிக்கொண்டது.

படகில் கிடந்தவர் வெகுநேரம் வெறும் காலைத் தடவிக்கொண்டே இருந்தார். "கடைசி வரைக்கும் காலுக்கு ஒண்ணும் தெரியலம்மா. அத நெனச்சாத்தான் பயமா இருக்கு" என்றார்.

3. தராசு

மறுநாள் வத்தம் விட்டுத் தண்ணீர் இறங்கியதும் சட்டையையும் மூட்டையையும் தோண்டி எடுத்தோம். ரேவதி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"உங்க மேல தப்பு இல்லம்மா. மெஷின் குறைன்னு எழுதிட்டேன்."

"மெஷின் கொறைய எழுது. கன்னியம்மா மொத்த எடை கேக்காம வழி காட்னான்னும் எழுது."

எழுதினாள். மீன் ஏலம் போடுகிற இடத்துக்கு எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னேன். பெரிய தராசில் சட்டையை ஏற்றினோம், மூட்டையை ஏற்றினோம், தாமோதரன் ஏறி நின்றார். நூற்று நாற்பத்தைந்து கிலோ. தெரியாது என்ற எடை எங்கும் போய்விடவில்லை. அவர் முட்டிக்குத் தெரியாமல் சேற்றுக்குப் போயிருந்தது.

ரேவதி முள்ளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இதுக்கு எந்த வழிம்மா தாங்கும்?"

தெற்கு வழி, வடக்கு வழி, முகத்துவாரத்து வழி எல்லாவற்றையும் மனதுக்குள் ஒருமுறை நடந்து பார்த்தேன்.

"இல்ல" என்றேன். "இந்த எடைக்கு இந்த ஏரில வழி இல்ல."

யார் கேட்டாலும் வழி சொல்லியே பழகிய வாய். வழிகாட்டப் போகிறவர்கள் முதலில் மொத்த எடையைக் கேளுங்கள். கேட்ட பிறகு இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தால், தயங்காமல் சொல்லுங்கள்.