ஞானாம்பாளை விதவையாக்கிய கம்ப்யூட்டர்

மரக்காணம் உப்பளத்தில் ஞானாம்பாளைத் தெரியாதவர்கள் கிடையாது. அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும் என்பார்கள். வரும்தான், ஆனால் காரணமில்லாமல் வராது. உப்புக் கூடையை மேஸ்திரி காலால் நகர்த்தினால் வரும். பஸ்ஸில் கண்டக்டர் "ஈரச் சேலையோட சீட்டுல உக்காராதம்மா" என்றால் வரும். நாற்பத்திரண்டு வயதுக்குள் இருபத்தாறு வருஷம் உப்புத் தண்ணீரில் நின்றவள் அவள். யாரிடமும் கைகட்டி நின்று பழக்கமில்லை. அப்படிப்பட்டவளை 2005ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் ஒரு கம்ப்யூட்டர் விதவையாக்கிவிட்டது.

செய்தியைச் சொன்னவர் முஜீப் ரஹ்மான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மூன்று கம்ப்யூட்டர் போட்டு பிரௌசிங் சென்டர் நடத்துகிறவர். துபாயில் இருக்கும் அவருடைய மச்சான் ஒரு வெப்சைட் முகவரியை மெயிலில் அனுப்பி, 'இது நம்ம ஊர் உப்பளம்தானே?' என்று கேட்டிருந்தார். திறந்து பார்த்தால் ஞானாம்பாள். அவள் வேலை முடிந்து அந்த வழியாகத்தான் பஸ்ஸுக்கு வருவாள். அன்றைக்கு முஜீப் வாசலிலேயே காத்திருந்தார்.

"அக்கா, ஒரு நிமிஷம் உள்ள வாங்க. கோவப்படக் கூடாது."

"கோவப்படாதேன்னு சொன்னாலே பாதி கோவம் வந்துடுது தம்பி. இன்னா விஷயம்?"

திரையில் அவள் முகம். தலையில் துண்டு, சேலைக்கு மேலே முழுக்கைச் சட்டை, முழங்கால் வரை சேறு. முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. "நல்லாத்தான் இருக்கேன்" என்று சிரித்தாள். படத்துக்குக் கீழே இங்கிலீஷில் இரண்டு வரி இருந்தது. அதை முஜீப் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னார். சுனாமியில் கணவனை இழந்தவர். இறந்துபோன கணவரின் சட்டையைப் போட்டுக்கொண்டு தினமும் வேலைக்கு வருகிறார். அதற்கும் கீழே, உதவி செய்ய இங்கே அழுத்தவும்.

"யாரு செத்தது?"

"அப்படித்தான் போட்டிருக்குக்கா."

"அந்த ஆளு காலையில சட்னியில உப்பு இல்லேன்னு என்கிட்ட சண்டை போட்டுட்டுப் போனாரு தம்பி!"

நடந்தது இதுதான். சுனாமிக்கு அடுத்த மாதம், அளத்தில் பெண்கள் உப்புப் பாத்தியின் சேற்றை மிதித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தபோது, ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்தின் வேன் வந்தது. பாத்தி மிதிக்கும் நாளில் யாரும் காலில் மெட்டி போடுவதில்லை, சேறு விழுங்கிவிடும். பொட்டு வேர்வையில் கரைந்திருக்கும். தாலி சட்டைக்குள்ளே கிடக்கும். சட்டையோ, உப்பளத்துப் பெண்கள் எல்லாரும் போடுவதுதான்; வெயிலுக்கும் உப்புக்கும் தப்ப வீட்டுக்காரரின் பழைய சட்டையை விட்டால் வேறு என்ன இருக்கிறது? வேனில் வந்தவர்கள் ஒரு பார்வை பார்த்தார்கள், ஒரு படம் எடுத்தார்கள், அவள் புருஷன் பஞ்சநாதனைக் கொன்றுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அத்தனை தூரம் வந்தவர்களுக்கு வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை.

பஞ்சநாதன் லாரியில் உப்பு மூட்டை ஏற்றுகிறவர். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை பெருமுக்கல் மலைக்கோயிலுக்குப் போயிருந்தார். திரும்பி வந்ததும் கடலோரத்து எக்கியார்குப்பத்துக்கு ஓடி, வீட்டுக் கூரையில் ஏறிக்கிடந்த படகுகளை இழுத்துப் போட்டார். அவரைத்தான் செத்துப்போனவர் என்று உலகம் பூராவும் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் ஊருக்குள் பரவியது. "ஏம்பா, செத்தவனுக்குச் சர்க்கரை போடலாமா?" என்று கேட்டார் டீக்கடை சேட்டு. பஞ்சநாதன் இரண்டு நாள் கூடச் சேர்ந்து சிரித்தார். மூன்றாம் நாள் டீக்கடைப் பக்கமே போகவில்லை. பக்கத்து வீட்டுச் சாலம்மாள் ஆறுதல் சொல்ல வந்தாள்.

"செத்துட்டதா சேதி வந்தா ஆயுசு கெட்டிம்பாங்க, ஞானாம்பா."

"அப்போ உன் புருஷன் படத்தையும் போடச் சொல்றேன். அவருக்கும் கெட்டியாவட்டும்."

சாலம்மாள் எழுந்து போய்விட்டாள். ஆனால் ஞானாம்பாளின் கோபம் அதோடு அடங்கவில்லை. மறுநாள் விடியற்காலை கொடியிலிருந்து சட்டையை எடுக்கப் போனவளை, "அதை இன்னிக்குப் போடாத" என்று தடுத்தார் பஞ்சநாதன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவள் முந்தானையைப் போர்த்திக்கொண்டு போனாள். வெயிலிலும் உப்பிலும் கை இரண்டும் பொசுங்கிப்போயின. சாயங்காலம் நேரே முஜீப்பிடம் வந்து, அந்தப் படத்தை அங்கிருந்து எடுக்க வைக்காமல் விடப்போவதில்லை என்றாள்.

முஜீப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சென்னைக்குப் புதிதாக எந்தெந்தக் கம்ப்யூட்டர் கம்பெனி வருகிறது, இண்டர்நெட்டில் திருட்டுப் போகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று பக்கம் பக்கமாகப் போட்டிருந்தார்கள். சுவரில் அவரே ஒரு தாள் ஒட்டியிருந்தார்: 'பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள்.'

"நெட்டுல ஒரு தடவை போயிட்டா எடுக்கறது கஷ்டம்கா. அதான் ஜாக்கிரதையா இருக்கணும்னு சொல்றாங்க."

"நான் இன்னா ஜாக்கிரதையா இருக்கறது? நானா போட்டேன்? போட்டவனுக்குப் பூட்டு, சாவி எல்லாம் குடுத்திருக்கீங்க. மாட்டிக்கினவளுக்கு இன்னா வெச்சிருக்கீங்க? இத்தனை கம்பெனி வருதாமே, ஒரு போட்டோவை எடுக்க ஆளில்லையா?"

முஜீப் அந்தத் தொண்டு நிறுவனத்துக்கு மெயில் எழுதினார். அடுத்த நிமிஷமே பதில் வந்தது: உங்கள் அக்கறைக்கு நன்றி. "மிஷினே அனுப்பறதுக்கா இது" என்றார் முஜீப். இன்னும் இரண்டு மெயில் போட்டார்கள். மிஷின் இன்னும் இரண்டு தடவை நன்றி சொன்னது.

"படம் போட்டுத்தானே கொன்னாங்க? படம் போட்டே காட்டுவோம்" என்றாள் ஞானாம்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பஞ்சநாதன் வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றி நிறைய விபூதி பூசி வந்தார். அவள் காலில் மெட்டி, தலையில் மல்லிகை, தாலியை எடுத்து வெளியே விட்டிருந்தாள். முஜீப் கேமரா போனில் படம் எடுத்தார். 'இவர்தான் கணவர் பஞ்சநாதன். உயிரோடு இருக்கிறார். பழைய படத்தை எடுத்துவிடுங்கள்' என்று எழுதி அனுப்பினார்.

பத்து நாள் கழித்து ஒரு மனுஷனிடமிருந்தே பதில் வந்தது. மாற்றிவிட்டார்களாம். ஞானாம்பாள் அன்றைக்குப் பஞ்சநாதனையும் கையோடு அழைத்து வந்தாள். முஜீப் பக்கத்தைத் திறந்தார். பழைய படம் இல்லை. புதுப் படம் இருந்தது. மல்லிகையும் சிரிப்புமாக ஞானாம்பாள் மட்டும். அவள் தோளில் நான்கு விரல்கள் தெரிந்தன. விரல்களுக்குச் சொந்தக்காரரை வெட்டிவிட்டிருந்தார்கள். கீழே இருந்ததை முஜீப் வாய்க்குள்ளேயே படித்தார்.

"சத்தமாப் படி தம்பி."

"சுனாமியில் கணவனை இழந்த இவர், உங்கள் உதவியால் மீண்டும் சிரிக்கிறார்."

பஞ்சநாதன் குனிந்து திரையைப் பார்த்தார். தன் வலது கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "என் கைதான்" என்றார், யாரிடமோ ஒப்புக்கொள்வதைப் போல.

ஞானாம்பாள் நாற்காலியை இழுத்துப் போட்டு முஜீப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எழுது தம்பி. என் தோள்ல இருக்கற அந்த நாலு விரலு யாரோடதுன்னு கேட்டு எழுது. மிஷின் சொல்லக் கூடாது. படத்தை வெட்டினவன் சொல்லணும். அவன் சொல்ற வரைக்கும் நான் இங்கயே உக்காந்திருக்கேன்."