ரயில் கழிவறைத் தாழ்ப்பாள்

புது வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாளில், திறக்கும் பக்கத்தைக் காட்ட அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். அதைத் தொட்டதும் ஏழு வயதில் பட்ட பயம் அப்படியே வந்துவிட்டது.

விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக் குளிக்கும் இடத்துக்கு ஓலைத் தட்டிதான் கதவு. அதன்மேல் துணி கிடந்தால் உள்ளே ஆள் இருப்பதாகப் பொருள். தாழ்ப்பாளையே தொட்டறியாத நான், கரி இன்ஜின் ரயிலின் கழிவறையில் அதைப் போட்டுவிட்டேன். எடுக்க வரவில்லை. நாங்கள் இறங்க வேண்டிய திண்டிவனம் வந்துவிட்டது.

“மேல தூக்கி இழுடி!” என்று அம்மா வெளியே கத்தினாள்.

“வரலைம்மா! நீ எறங்கிடாதே!”

“ஜல்தி எறங்கும்மா, வண்டி கெளம்புது” என்றது ஓர் ஆண்குரல்.

வண்டி நகர்ந்தது. அம்மாவின் குரலைக் காணோம். அழுதுகொண்டே இழுத்தேன். ஒரு குலுக்கலில் தாழ்ப்பாள் விலகியது.

அம்மா கதவை ஒட்டியே நின்றிருந்தாள்.

“உன்னை உட்டுட்டு எறங்கிடுவேனாடி?”

அவள் இறக்கி வைத்த மூட்டை மட்டும் திண்டிவனத்தில் நின்றுவிட்டது.