உள்ளே மருந்தில்லாத கேப்சூல்

2003-ஆம் வருடம் நடந்தது இது. அப்போது நான் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். வீடு குரும்பலூரில். பஸ்ஸில் ஏறுகிற பாதிப் பேரை அத்தை, சித்தப்பா என்று முறை சொல்லித்தான் கூப்பிடுவேன். வாய் ஓயாத ஆள் என்று பெயர் எடுத்தவன்.

அந்த வருடத் தொடக்கத்தில் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. வீட்டில் சண்டை இல்லை, சாவு இல்லை. மகள் நன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள். செட்டிகுளத்தில் மாமனார் வீட்டு வயலில் வெங்காயம் நல்ல விளைச்சல். ஆனால் எனக்கு விடிந்தாலே பயமாக இருந்தது. காக்கிச் சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு, மறு கையை நுழைக்கத் தெம்பில்லாமல் அப்படியே கட்டிலில் உட்கார்ந்திருப்பேன். சோறு மண்ணாக இருந்தது. பஸ்ஸில் ஊர் பெயர் சொல்லிக் கூவ வாய் திறந்தால் குரல் வராது. ஒரு நாள் நான் விசில் அடிக்காமல் நின்றதில், இறங்க வேண்டிய ஒரு கர்ப்பிணிப் பெண்ணை அடுத்த ஊரில் கொண்டுபோய் விட்டுவிட்டோம். அதன் பிறகு வேலைக்கே போகவில்லை.

“உனக்கு என்ன மச்சான் குறை? நல்லாத் தின்னுட்டு ஒரு சுத்து நடந்துட்டு வா, சரியாப் போயிடும்” என்று என் மனைவியின் அண்ணன் சொன்னார். மந்திரித்தார்கள், மலைக்கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். கடைசியில் என் மனைவிதான் யாரையும் கேட்காமல் என்னைத் திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

அங்கே இருந்த டாக்டரம்மா நிதானமாகக் கேட்டார். சாப்பாடு, தூக்கம் எல்லாம் கேட்டுவிட்டு, “சாகணும்னு தோணுதா?” என்றும் நேராகவே கேட்டார். அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. “இல்லீங்க, ஆனா இருக்கணும்னும் தோணல” என்றேன். இது மனச்சோர்வு என்ற நோய், குணமாகக்கூடியது என்று சொன்னார். அந்த நோய்க்கான ஒரு புது மருந்தை அங்கே சோதித்துக்கொண்டிருந்தார்கள். விருப்பம் இருந்தால் நானும் சேரலாம். சிலருக்கு மருந்துள்ள கேப்சூல், சிலருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெறும் கேப்சூல். யாருக்கு எது என்று அவருக்கே தெரியாது. நோய் முற்றினால் உடனே நிறுத்திவிட்டு வழக்கமான மருந்தைக் கொடுத்துவிடுவார்கள்.

என் மனைவிக்குச் சந்தேகம். “வெறும் மாத்திரையக் குடுத்து இவர ஏமாத்திட மாட்டீங்களே?” என்றாள்.

“ஏமாத்தறதா இருந்தா உங்ககிட்ட முன்கூட்டியே சொல்லியிருப்பேனாம்மா?” என்று டாக்டரம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் சேர்ந்தேன்.

வாரா வாரம் போக வேண்டும். அங்கே பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிற ஒருவர் பழக்கமானார். அரியலூரில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், அதனால் அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவருக்கும் இதே சோதனை, இதே கேப்சூல். முதல் சில வாரங்கள் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே ஆறுதலாக இருந்தது.

போகப் போக எனக்குச் சோறு ருசித்தது. ஒரு நாள் மகள் சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அடுப்படியில் இருந்த என் மனைவி கரண்டியோடு ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். அந்த அண்ணனும் தெளிந்துகொண்டே வந்தார். இருவருக்கும் பேச்சு வந்துவிட்டது. யாருக்கு நிஜ மருந்து என்று பந்தயம் கட்டாத குறைதான்! எனக்கு நாக்கு வறண்டுகொண்டே இருந்தது. தண்ணீர் பாட்டிலும் கையுமாக அலைந்தேன்.

“ஒனக்குத்தான் தம்பி நெசம். அதான் இப்படித் தண்ணியாக் குடிக்கிற. எனக்கு ஒண்ணுமே பண்ணல. என்னுது வெறும் டப்பா” என்பார் அவர்.

எங்கள் பங்குச் சோதனை முடிந்தது; முடிவு தெரியும்வரை இருவரும் அதே கேப்சூலைத் தொடர்ந்தோம். நான் பஸ்ஸுக்குத் திரும்பினேன். அரியலூருக்குள் நுழையும் சாலையோரத்தில்தான் அவருடைய பட்டறை. தினமும் பஸ் அதைத் தாண்டும்போது நான் படியில் நின்று விசில் அடிப்பேன். அவர் முகத்தை மறைத்த தகரத்தைத் தூக்கிவிட்டுக் கை காட்டுவார்.

சில மாதங்கள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். மொத்தச் சோதனையும் முடிந்துவிட்டது, யாருக்கு எது என்று இனி சொல்லலாம் என்றார்கள். இருவரும் போய் உட்கார்ந்தோம். டாக்டரம்மா என்னைப் பார்த்து, “உங்களுக்குக் கெடச்சது வெறும் கேப்சூல்” என்றார். அந்த அண்ணனுக்குத்தான் மருந்து.

எனக்கு முகம் சுண்டிப்போனது. அப்படியானால் நான் பட்டதெல்லாம் பொய்யா? வறண்ட நாக்கும் பொய்யா? “நான் நடிச்சேனாங்க?” என்று கேட்டேன்.

“நடிச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்” என்றார் அவர். “வாரா வாரம் வந்தீங்க. உக்காந்து பேசுனீங்க. குணமாகும்னு நம்புனீங்க. வீட்ல தாங்குனாங்க. சிலருக்கு இந்த நோய் நாளாக நாளாகத் தானாவும் கொறையும். எது எவ்வளவு வேலை செஞ்சுதுன்னு எங்களாலயே பிரிச்சுச் சொல்ல முடியாது. மருந்து தனியா எவ்வளவு செய்யுதுன்னு பாக்கத்தான் வெறும் கேப்சூலும் குடுக்கறோம். ஆனா உங்க நோய் நெசம்.” திரும்ப வந்தால் தள்ளிப்போடாமல் வரச் சொன்னார். அண்ணனை மட்டும் மாத்திரையைத் தொடரச் சொல்லி, அவராக நிறுத்தக்கூடாது என்று இரண்டு முறை அழுத்திச் சொன்னார்.

விஷயம் வீட்டில் தெரிந்ததும் மச்சான், “நான் அப்பவே சொல்லல? ஒண்ணுமில்லாத நோய்க்கு ஒண்ணுமில்லாத மாத்திரை!” என்று சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை. “அண்ணே, மூணு மாசம் அவருக்குச் சோறு ஊட்டுனவ நான். ஒண்ணுமில்லாததுக்கா ஊட்டுனேன்?” என்றாள். இருந்தாலும் எனக்குள் ஒரு கூச்சம் ஒட்டிக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நாளில் அந்தப் பட்டறையின் ஷட்டர் மூடிக் கிடந்தது. ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். மறுநாளும் மூடியிருந்தது, அதற்கடுத்த நாளும். என் விசிலுக்குப் பதிலே இல்லை. மனசு கேட்காமல், எனக்கு ஓய்வு நாள் வந்ததும் பயணியாக ஏறி அரியலூருக்குப் போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன்.

அவருடைய மனைவி வாசலிலேயே அழுதுவிட்டார். “வாங்க தம்பி. வூட்டுல யாருகிட்டயும் சொல்லாம மாத்திரைய நிறுத்திப்புட்டாரு. இப்பத்தான் தெரிஞ்சுது.”

அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தாடி மண்டியிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

“நீ வெறும் கேப்சூல முழுங்கியே எந்திரிச்சு நின்னுட்ட. எனக்கு மட்டும் மருந்து வேணுமா? நான் என்ன அவ்ளோ கோழையா? என்னாலயும் முடியும்னு பாத்தேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மருந்தில்லாமல் குணமானதற்கு நான் கூசிக்கொண்டிருந்தேன். மருந்தால் குணமானதற்கு இவர் கூசிக்கொண்டிருந்தார். ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இருவருக்கும் நேரெதிரான வெட்கம்.

டாக்டரம்மா என்னிடம் கேட்டதையே நானும் நேராகக் கேட்டேன். “சாகணும்னு தோணுதாண்ணே?”

ஆமாம் என்பதுபோல் அவர் தலை லேசாக அசைந்தது.

இனி தாமதிக்கக் கூடாது என்று புரிந்தது. “அண்ணே, நான் ஒண்ணும் வீரன் இல்ல. எனக்கு எப்படிக் கொணமாச்சுன்னு எனக்கே தெரியாது. ஒங்களுக்கு எதுல கொணமாச்சுன்னு நல்லாத் தெரியும். தெரிஞ்ச வழி ஒங்களுக்குத்தான் இருக்கு. அத ஏன் விடுறீங்க? எனக்குத் திரும்ப வந்து, டாக்டரம்மா மருந்து குடுத்தா, கைய நீட்டி வாங்கிப் போட்டுக்குவேன். நீங்க அப்ப என்னைக் கோழைம்பீங்களா?”

“சேச்சே” என்றார். அன்று அவர் தயங்காமல் சொன்ன முதல் வார்த்தை அது.

சட்டையை நானே மாட்டிவிட்டேன். அவர் கை தெம்பில்லாமல் தொங்கியது. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியுமாதலால் அவசரப்படுத்தவில்லை. அவரையும் அண்ணியையும் அழைத்துக்கொண்டு அன்றைக்கே ரயிலில் திருச்சிக்குப் போனேன். வழியெல்லாம் அவர் ஒன்றும் பேசவில்லை. நானும் பேச்சுக் கொடுக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா திட்டவில்லை. “வந்தீங்களே, அது போதும்” என்று சொல்லி அவரை ஆஸ்பத்திரியிலேயே தங்க வைத்துக்கொண்டார்.

மறுபடி மருந்து பிடிக்கச் சில வாரங்கள் ஆயின. ஒரு நாள் காலை பஸ் அரியலூருக்குள் நுழைந்தபோது பட்டறை திறந்திருந்தது. உள்ளே வெல்டிங் தீப்பொறி பறந்தது. நான் அடித்த விசிலில் டிரைவர் பதறிப்போய் பிரேக் போட்டுவிட்டார். பயணிகளெல்லாம் என்னைத் திட்ட, அந்த அண்ணன் வெளியே வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

பின்னால் டாக்டரம்மா சொன்னபடி, அவர் சொன்ன நேரத்தில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அண்ணன் மாத்திரையைக் குறைத்தார். எனக்கு அந்த நோய் இதுவரை திரும்பவில்லை. வந்தால் எங்கே போவது என்று தெரியும், அதனால் பயமும் இல்லை. அவர் விழுங்கியதில் மருந்து இருந்தது, நான் விழுங்கியதில் இல்லை. ஆனால் நாங்கள் பட்ட வேதனையும் நிஜம், மீண்டு வந்ததும் நிஜம் என்பதில் அந்த ரயில் பயணத்துக்குப் பிறகு எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.